கத்தாத நாட்கள்

நவம்பர் 3, திங்கள்

காலை முதல் விடாத மழை. ரயில் இருபது நிமிடம் தாமதம். குடைக் கம்பி ஒன்று முறிந்துவிட்டது. கவரைப்பேட்டை நடைமேடையிலேயே செருப்பு ஊறிப்போய் நாள் முழுக்கச் சளக் சளக்.

வார்டில் ஏழு கட்டில், ஏழும் நிரம்பியிருக்கிறது. வாசலில் தீக்காயப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் மேல் தீ பட்டதே இல்லை. சூட்டுக் கம்பி, நீராவி, எண்ணெய், ஆசிட். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குத் தகுந்த காயங்கள்.

மேட்ரன் அம்மா கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமை நர்ஸ்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவரே வைத்துவிட்டார், ‘சிகிச்சையில் சிரிப்பு’. ஒரு பக்கம் எழுதி வந்தால் போதும். “கட்டு மாத்துற நேரத்துல உன் வார்டுல மட்டும் எப்படிம்மா சிரிப்புச் சத்தம் கேக்குது? அத்தச் சொல்லு ரெஜினா, மத்ததுங்களும் கத்துக்கட்டும்” என்றார். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முகத்தை மட்டும் வேலை கூடிவிட்ட மாதிரி வைத்துக்கொண்டேன்.

எழுத வேண்டியவை:

1. பயந்தால் உடம்பு இறுகும். இறுகினால் ஒட்டின துணி வராது. இழுத்தால் ரத்தம்.

2. சிரிக்கிறவன் மூச்சை அடக்க மாட்டான். தோள் இறங்கும், கை தளரும், வேலை சீக்கிரம் முடியும்.

3. நோயாளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கூடச் சேர்ந்து சிரிக்கலாம்.

4. போர்டு.

போர்டு கதையைச் சரியாக எழுத வேண்டும். ஆவணியில் ஒரு மில்காரர் இருந்தார், மூன்றாம் கட்டில். அவர்தான் ஆரம்பித்து வைத்தது. “எங்க கம்பெனி கேட்டாண்ட ஒரு போர்டு கீது சிஸ்டர், விபத்து இல்லாம இத்தினி நாளுன்னு. இங்கயும் ஒண்ணு மாட்டுங்களேன்” என்றார். மறுநாளே ஒரு வெள்ளைப் பலகை கொண்டுவந்து சுவரில் மாட்டினேன். ‘கத்தாத நாட்கள்’. கட்டு மாற்றும்போது யாரும் கத்தாவிட்டால் ஒரு நாள் கூடும். யாராவது கத்திவிட்டால் அழித்துப் பூஜ்யம். கத்தினவருக்கு அபராதம், அவருடைய மேஸ்திரி மாதிரியோ சூப்பர்வைசர் மாதிரியோ பேசிக் காட்ட வேண்டும். பத்து மணி ஆனாலே முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர்கள், அதன் பிறகு எழுந்து உட்கார்ந்து பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இன்று 11.

கடைசியாக அழித்தது ஏழுமலையால். வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெந்து வந்தவன். முப்பத்திரண்டு வயது, என் கடைசித் தம்பி வயது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை. முதல் நாள் கட்டுப் பிரித்தபோது அவன் கத்தியது வெளியே சீட்டுக் கொடுக்கிற இடம் வரை கேட்டதாம். போர்டில் அப்போது 26. நான் அழித்தேன். எல்லாரும் ஓவென்று சத்தம் போட்டார்கள். அபராதமாக அவன் தன் மேஸ்திரியை எடுத்துவிட்டான் பாருங்கள்: “தம்பிங்களா, உயிரு முக்கியம். அத்தவிட டன்னேஜு முக்கியம். டன்னேஜ முடிச்சிட்டு வந்து உயிரப் பாருங்க.” வார்டே குலுங்கியது. அன்றிலிருந்து தினமும் அவன்தான் எங்களுக்கு மேஸ்திரி.

வாங்க: குடை, இஞ்சி, வீட்டுக்காரர் அந்தோணிக்கு இருமல் மருந்து.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. கரண்ட் மூன்று முறை போய் வந்தது. ஜெனரேட்டர் வார்டுக்கு விளக்கு மட்டும் தருகிறது, மின்விசிறி கிடையாது.

பத்து மணிக்கு ஏழுமலையின் மேஸ்திரி ஆஜர். இன்று பாடம், ரோலரிலிருந்து சூட்டுக் கம்பி தடம் மாறிப் பாய்ந்து வந்தால் என்ன செய்வது. “பயப்படாதீங்க. மரியாதையா வழி உடுங்க. அதுக்கும் ஷிப்ட்டு முடியப் போவுது, அவசரம்.” நான் கட்டைப் பிரித்துக்கொண்டே சிரித்தேன். டாக்டர் அம்மாவும் கதவருகே நின்று சிரித்தார். ஐந்தாம் கட்டில்காரருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

ஏழுமலை நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறி இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் மனைவி சுகுணா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சிரிக்கவில்லை. பொதுவாகவே அதிகம் பேசாத பெண். நான் கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்து, “சிஸ்டர், ராவெல்லாம் பல்லக் கடிச்சிக்கினே கெடந்தாரு. தூங்கவே இல்ல” என்றாள். அங்கிருந்தே ஏழுமலை, “அது பசில சிஸ்டர். இவ குடுத்த இட்லி அப்படி. பல்லு தானா கடிச்சிக்கும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சுகுணா தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தாள்.

வலி எவ்வளவு என்று பத்துக்குச் சொல்லச் சொன்னால், “மூணு” என்றான். மூன்று என்றே எழுதிக்கொண்டேன்.

போர்டு 12.

பக்கத்துக் கட்டில் கோதண்டத்துக்கு நாளை மறுநாள் தையல் பிரிக்க வேண்டும். பழவேற்காட்டு ஆள், படகு எஞ்சின் வெந்நீர் கொட்டிக் கால் வெந்தது. வாய்க்குப் பூட்டே கிடையாது. “சிஸ்டர், இந்தத் தோலு என் தொடைலேர்ந்து எடுத்து என் காலுக்கு வெச்சது தானே? அப்போ தொடை சொறிஞ்சா காலுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இரவுச் சாப்பாடு ரசம், அப்பளம். அந்தோணிக்கு இருமல் பரவாயில்லை.

நவம்பர் 5, புதன்

தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக நான். அரை மணி தாமதம். அதனால் எல்லாமே ஓட்டமாக.

கட்டு மாற்றியது ஆறு பேருக்கு. ஒருவர் வீட்டுக்குப் போனார், சந்தோஷம். பஞ்சு இருப்புக் குறைவு, எழுதிப் போட வேண்டும்.

ஏழுமலையின் கட்டின் உள்ளடுக்கில் லேசாகப் பச்சைக் கறை. ஒரு மாதிரி தித்திப்பு வாடை. காயத்துக்குப் போடுகிற சில்வர் கிரீமை மாற்றியிருக்கிறார்கள், புது டப்பா, அதனாலோ என்று தோன்றியது. காய்ச்சல் பார்த்தேன், அதிகம் இல்லை. “நோவுதாப்பா?” என்று கேட்டேன். “சிரிப்புதான் சிஸ்டர் வருது” என்றான். நாளை டாக்டர் அம்மாவிடம் காட்டலாம் என்று வைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துவிட்டார், அங்கே ஓடினேன்.

கோதண்டம் இன்று மேஸ்திரிப் பேச்சுக்குச் சிரிக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னவென்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல சிஸ்டர், காத்து மாறுது” என்றார். கடலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போர்டு 13. “இன்னும் பதிமூணு போனா நான் அழிச்சத நானே திருப்பிக் குடுத்துட்ட மாரி” என்றான் ஏழுமலை. சனிக்கிழமைக் குறிப்பில் சேர்க்கலாமே என்று அதைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நல்ல வரி என்று நினைத்திருக்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டு வாக்கியமும் வியாழக்கிழமை சேர்த்தவை.

நவம்பர் 6, வியாழன்

மழையா வெயிலா, நினைவில்லை.

காலை எட்டரைக்கு வார்டுக்குள் நுழையும்போதே அந்த வாடை. இன்று கிரீம் மேல் பழி போட முடியவில்லை. ஏழுமலை போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். தொட்டால் தோசைக்கல். 103-க்கு மேல். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மேஸ்திரி குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். “தம்பிங்களா... வழி உடுங்க... வழி உடுங்க...” ஆறு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை.

கட்டைப் பிரித்தேன். முன்கையின் உள்பக்கம் முழுக்கச் சீழ். சுண்டுவிரலும் மோதிர விரலும் கருத்து, உயிர் இல்லாமல். சதையைத் தொடும்போதும் அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்தான். நினைவு தப்பின நிலையிலும் பல்லைக் கடிக்கிறான் என்றால் இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தான்.

டாக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிவிட்டார். பதினொன்று முதல் ஒன்றரை வரை. அழுகினதையெல்லாம் எடுத்தார்கள். வெளியே வந்து, “ரத்தத்துல கலந்திருக்கு. ரெண்டு நாள் தாண்டணும் ரெஜினா. கை நிக்குமான்னு அப்புறம் பார்ப்போம். மொதல்ல ஆள்” என்றார். தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள்.

சுகுணாவோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். காய்ச்சல் மாத்திரை, பத்தில் எட்டு காலி. தினமும் காலை ஒன்பது மணிக்கு, நான் காய்ச்சல் பார்க்க வருவதற்கு முன்பாக இரண்டு. வெளிக்கடையில் வாங்கி வரச் சொன்னதும் அவன்தானாம்.

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேனே சிஸ்டர். ராவெல்லாம் பல்லக் கடிக்கிறாருன்னு சொன்னேனே.”

சொன்னாள். செவ்வாய்க்கிழமை. இந்த நோட்டிலேயே நான் எழுதியிருக்கிறேன். அவள் சொன்னதையும் எழுதி, நான் சிரித்ததையும் எழுதியிருக்கிறேன்.

பிறகு அவள் மெல்ல, “மில்லுல இவருக்கு அடிபட்ட அன்னிக்கு அவங்க போர்ட அழிக்கவே இல்ல சிஸ்டர். காண்ட்ராக்ட் ஆளு கணக்குல வராதுன்னுட்டாங்களாம். பின்பக்க கேட்டால வேன்ல ஏத்தி அனுப்புனாங்க. இங்க வந்து இவரு கத்துனதுக்கு நீங்க அழிச்சீங்க. அன்னிக்கு ராத்திரி இன்னா சொன்னாரு தெரியுமா? அங்க நம்ம கை வெந்ததுக்கே ஒருத்தனும் அழிக்கல, இங்க ஒரு கத்துக்கு இருவத்தாறு நாளு போச்சேடி, எல்லாரும் ஆசையா வெச்சிருந்தாங்கன்னாரு. இனிமே என்னால அழியக் கூடாதுன்னாரு” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கோதண்டத்திடம் போனேன். “உங்களுக்குத் தெரியுமா?” தலையசைத்தார். “தெரியும் சிஸ்டர். ராவுல முனகுறது பக்கத்துக் கட்டிலுக்குக் கேக்காதா. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினான். நானும் காலு நோவு நாலுன்னு உங்கிட்ட சொன்னேனே, அது ஏழு.”

எல்லாரையும் கேட்டேன். ஐந்தாம் கட்டில், அவரும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றாம் கட்டில், அவரும்.

மாலை வீட்டில் அந்தோணியிடம் சொன்னேன். இருபது வருடமாக சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற மனுஷன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். “எங்க கம்பெனில ஒருத்தனுக்கு நகம் பேந்துக்கினு வந்திச்சி. வேஸ்ட் துணியச் சுத்திக்கினு ஷிப்ட்ட முடிச்சான். போர்டுல முந்நூறு நாளு ஆவப் போவுது, எல்லாருக்கும் பிரியாணின்னு சொல்லிக்கீறாங்க. அவன் போயி எழுதிக் குடுத்தா அத்தினி பேரும் அவன் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. யாரு போவா?”

“இத்த ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“நீ போர்டு மாட்டுனேன்னு சிரிச்சிக்கினே சொன்ன. நானும் சிரிச்சேன்.”

சாப்பிடவில்லை. அவர்தான் பாத்திரம் கழுவினார்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல்.

காலை முதல் வேலை, பலகையைக் கழற்றினேன். ஆணியையும் பிடுங்கினேன். சுவரில் சதுரமாக வெளுத்த இடம்.

ஏழுமலைக்குக் காய்ச்சல் 101. சிறுநீர் இறங்குகிறது. நல்ல அடையாளம் என்றார் டாக்டர் அம்மா. அவரிடம் முழுவதையும் சொன்னேன். பச்சைக் கறையைப் புதனன்றே பார்த்தது, வாடை, நாளைக்குக் காட்டலாம் என்று வைத்தது. எழுதியும் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்து மேஜை மேல் வைத்தார். “ஒரு நாள் முன்னாடி பார்த்திருந்தா வெரல் தப்பிச்சிருக்குமான்னு கேக்காத. எனக்குத் தெரியாது. செவ்வாக்கெழம கதவாண்ட நின்னு நானும் தான் சிரிச்சேன்” என்றார்.

இரண்டு விரல் போகும். நாளை எடுக்கிறார்கள். மற்ற மூன்றும் நிற்கும் என்று நம்புகிறார்.

பத்து மணிக்குக் கட்டு மாற்றம். நான் எதுவும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. எல்லார் உடம்பும் மரக்கட்டை. துணி ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. ஐந்தாம் கட்டில்காரருக்கு ரத்தம் வந்தது, வழக்கத்துக்கு இரண்டு பங்கு நேரம். அவர் கத்தினார். கத்திவிட்டுத் திருடினவர் மாதிரி வெளுத்த சுவரைப் பார்த்தார். “கத்துங்க, பரவாயில்ல” என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார்.

கோதண்டம் சொன்னார்: “போர்டக் கழட்டுனது சரி. சிரிப்பையும் கழட்டிட்டியே சிஸ்டர்.”

நான் முதலில் எழுதின மூன்றும் பொய் இல்லை. பயந்தால் உடம்பு இறுகத்தான் செய்கிறது. ஆனால் சிரித்துக்கொண்டிருப்பவனுக்கு வலிக்கவில்லை என்று நான் எப்போது முடிவு செய்தேன்? எனக்கு வேலை சுலபமான நாளிலிருந்து. உண்மை அதுதான். அவர்களுடைய சிரிப்பு எனக்கு மருந்தாக இருந்திருக்கிறது. பதினெட்டு வருடமாக இந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. கேட்காமல் இருக்க ஒரு வழி கிடைத்தது, மாட்டிவிட்டேன்.

பஞ்சு வந்துவிட்டது. ரோல் பேண்டேஜ் இன்னும் இல்லை.

நவம்பர் 8, சனி

மழை விட்டிருக்கிறது. ரயில் நேரத்துக்கு.

காலை ஒன்பதுக்கு அறுவை. விரல் இரண்டும் எடுத்தாயிற்று. மற்றவை நிற்கும். காய்ச்சல் 100. மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டான். சுகுணா கண்ணாடிக்கு வெளியே நின்று, அவன் தண்ணீர் குடிப்பதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள், தானே குடிக்கிற மாதிரி.

ஆள் பிழைத்துவிட்டான். மாதாவே. அதற்கு மேல் எழுத வரவில்லை.

மதியம் மூன்று மணி, கூட்டம். முன்பு எழுதின பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருந்தேன். மேட்ரன் அம்மாவிடம் முதலில் காட்டினேன். படித்துவிட்டு, “இத்தப் படிச்சுத்தான் ஆவணுமா ரெஜினா? சும்மா ரெண்டு நல்ல வார்த்த சொல்லிட்டு உக்காரேன்” என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். படித்தேன். பெயர் சொல்லாமல், நடந்தது நடந்தபடி. சுகுணா சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தேன்.

நாற்பது பேர் கேட்டார்கள். கடைசியில் குழந்தைகள் வார்டு ஸ்டெல்லா எழுந்து, “அப்போ நாம சிரிக்க வைக்கவே கூடாதாக்கா? என் வார்டுல ஊசி போடுறப்போ நான் பூனை மாரி கத்துவேன். அத்தயும் நிறுத்தணுமா?” என்று கேட்டாள். கண்ணில் நீர். கிண்டலாகக் கேட்கவில்லை.

“நிறுத்தாதே ஸ்டெல்லா” என்றேன். “ஆனா கொழந்த அழுதா உன் பூனை தோத்துப் போச்சுன்னு நெனைக்காதே. எனக்கு வேற ஒண்ணும் தெரியல.”

உட்கார்ந்துவிட்டேன். டீ, சமோசா. யாரும் என்னிடம் வந்து பேசவில்லை. கிளம்பும்போது எலும்பு முறிவு வார்டு சிஸ்டர் மட்டும் படிக்கட்டில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

நவம்பர் 9, ஞாயிறு

விடுமுறை. வெயில். ஒரு வாரத் துணி.

காலைப் பூசைக்குப் போனேன். முழங்காலில் இருந்தேனே தவிர ஜெபம் வரவில்லை. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதது. தாய் வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மாலை வார்டுக்கு போன் செய்தேன். ஏழுமலைக்குக் காய்ச்சல் இல்லை. நாளை வார்டுக்கு மாற்றுகிறார்கள். விரல் போனதை டாக்டர் அம்மாவே அவனிடம் சொல்லிவிட்டாராம். என்ன சொன்னான் என்று கேட்டேன். “சிரிச்சாரு சிஸ்டர்” என்றாள் டியூட்டியில் இருந்த பெண்.

போனை வைத்துவிட்டு, காய்ந்த துணியை மடிக்க உட்கார்ந்தேன்.

அந்தோணி மீன் வாங்கி வந்தார். காரம் அதிகம். நான்தான் போட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பனி மாதிரி தூறல். ரயில் சரியான நேரம். புதுக் குடை வாங்கினேன், நீலம்.

எட்டரைக்குப் போனால் ஏழுமலை பழைய கட்டிலில். கன்னம் ஒட்டிப்போய், தாடியோடு. கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“வாங்க சிஸ்டர். ரெண்டு போச்சு, மூணு கீது. இனிமே மேஸ்திரி கை நீட்டச் சொன்னா அஞ்சுல ரெண்டு தள்ளுபடி.”

ஐந்தாம் கட்டில்காரர் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் நான் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

“இன்னா சிஸ்டர், கோவமா?”

“உன்மேல இல்லப்பா.”

அவன் சுவரைப் பார்த்தான். “போர்டு எங்க?”

“கழட்டிட்டேன்.”

“என்னாலயா?”

“என்னால. நான் மாட்டிருக்கக் கூடாது. உன் பொண்டாட்டி வந்து சொன்னப்போ சிரிச்சிருக்கக் கூடாது. கட்டுல கறையப் பார்த்துட்டு நாளைக்கின்னு வெச்சிருக்கக் கூடாது. உன் வெரலு போனதுல எனக்குப் பங்கு கீது ஏழுமலை. மன்னிச்சிக்கோன்னு கேக்கக்கூட வாய் வரல.”

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். சுகுணா அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நானும் தான் மாத்திர துன்னேன்” என்றான். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பத்து மணி. வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்துத்தான் ஆரம்பித்தேன். வெதுவெதுப்பான உப்பு நீர். முதல் அடுக்கு வந்தது. “எவ்ளோ?” என்று கேட்டேன். “மூணு” என்றான். கையை எடுத்துவிட்டேன். “மெய்யாலும் சொல்லு.” சுகுணாவைப் பார்த்தான். அவள் கண்ணெடுக்கவில்லை.

“ஒம்போது சிஸ்டர்.”

“கத்து.”

“எல்லாரும் கீறாங்க.”

“இருக்கட்டும்.”

“அப்புறம் அவங்களுக்கும் பயம் வந்துரும்.”

“வரட்டும். அத்த நான் பாத்துக்கறேன்.”

இரண்டாம் அடுக்கு. பல்லைக் கடித்தான். தாடை எலும்பு துடித்தது. நான் நிறுத்திவிட்டு, ஈரத்துணியைப் பிடித்தபடி சும்மா இருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். அவசரப்படுத்தவில்லை. மூன்றாம் அடுக்கை மெல்லத் தூக்கினேன். விரல் இருந்த இடம் காற்றுக்குத் திறந்தது.

கத்தினான்.

முதல் நாள் கத்தினதைவிடப் பெரிதாக. அம்மாவைக் கூப்பிட்டான், மேஸ்திரியின் அம்மாவைத் திட்டினான், உலையைத் திட்டினான், வேனை, பின்பக்க கேட்டை, என்னை. கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. இந்த முறை அது மேஸ்திரி குரல் இல்லை, அவன் குரல். கண்ணிலும் மூக்கிலும் நீர். சுகுணா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் வேலையை நிறுத்தவில்லை. அவன் கை தளர்ந்திருந்தது. துணி வந்துவிட்டது.

மூச்சு வாங்க நிறுத்தினான். சுற்றிப் பார்த்தான். ஆறு கட்டில்களும் அமைதி.

“யாரும் சிரிக்கலியா சிஸ்டர்?”

பக்கத்துக் கட்டிலில் கோதண்டம் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்தான் சொன்னார்: “இல்லப்பா. நீ கத்து. நாங்க கேட்டுக்கினு கீறோம்.”

மறுபடியும் கத்தினான்.